ஆறு திங்களும் தட்டு காலி

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பத்தேகால் மணிக்கு, கல்லூரி நூலகத்தின் வாரத்தாளான ‘படிக்கட்டு’க்கு உன் அருமைத் தம்பி, முதலாம் ஆண்டு மாணவன், ஆசிரியராகப் பொறுப்பேற்றுக்கொண்டான். விழாவுக்கு வந்திருந்தோர்: நூலகர், ஒரு மின்விசிறி, ஒரு பல்லி. பல்லி மட்டும் பாராட்டி உச்சுக்கொட்டியது.

பதவி எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். திறமையால். சரி, தண்டனையால். முதல்வர் அறைக் கதவில் ‘தவணை கடந்த புத்தகங்களை இங்கே திருப்பித் தரவும், கேள்வி கேட்கப்பட மாட்டாது’ என்று யாரோ ஒட்டிவிட்டார்கள். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அந்த யாரோவின் கையெழுத்து என்னுடையதைப் போலவே இருந்தது என் கெட்ட நேரம். “இவ்வளவு நல்லா அறிவிப்பு எழுதறவன் நூலகத்துக்கே எழுதட்டும்” என்று முதல்வர் என்னை ஆறு மாதத்துக்கு உஸ் சாரிடம் ஒப்படைத்துவிட்டார். உன் காலத்து நூலகர்தான். இன்னமும் ‘உஸ்’ஸைத் தாண்டி வாய் திறப்பதில்லை.

நீ மூன்று வருடம் நடத்திய தாள். முன்பக்கம் படிக்க ஐந்து புத்தகம், பின்பக்கம் ஊரில் இந்த வாரம் நடப்பவை. இனி என் கையில் அது எப்படித் துள்ளுகிறது என்று பார்.

‘போனில் பேசினால் மழுப்புவாய், எழுதினால் மாட்டுவாய்’ என்று நீ போட்ட சட்டப்படி இது கடிதமாகவே வருகிறது. அம்மா சுகம். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற மணிக்கட்டில் மட்டும் அதே வலி. நீ எப்படி இருக்கிறாய்? லென்ஸ் தேய்த்துத் தேய்த்து உன் கண் தேயாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்
(அம்மா வைத்த பெயர்: வாலு)


ஜூன் 24

வாலுக்கு,

நான் நலம். உன் நலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அந்தத் தாளின் நலத்தைப் பற்றித்தான்.

மூன்று விஷயம் சொல்கிறேன், கேலி பண்ணாமல் கேள். படிக்காத புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. பின்பக்கத்தைக் கடைசியில் அள்ளித் தெளிக்காதே. சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்குள் வருகிற ஊர்க்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்றாவது, வாசலோரம் இருக்கிற தட்டு. நீ சொல்லும் ஐந்து புத்தகமும் வெள்ளிக்கிழமை அதில் உட்காரும். எடுப்பவர் பக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் தானே பெயர் எழுதிக்கொண்டு போகலாம். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மாணவர், வெளியார் என்கிற பேதம் கிடையாது. அந்த நம்பிக்கையை வாங்க எட்டு மாதம் உஸ் சார் பின்னாலேயே அலைந்தேன். அந்தப் பதிவேட்டில் கை வைத்தால் அங்கேயே வந்து உதைப்பேன்.

திங்கட்கிழமை காலையில் தட்டு காலியாக இருந்தால் சார் ‘எல்லாம் வாசகர் கையில்’ என்று ஒரு அட்டை மாட்டுவார். எனக்குத் தொடர்ந்து ஐந்து திங்கள் மாட்டினார். இன்றுவரை அதுதான் சாதனை.

அம்மா சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குப் போகிறாளா? மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவச் சொல். நீயும் சளி பிடிக்காமல் இரு.

அக்கா


ஜூலை 7

முன்னாள் ஆசிரியர் அவர்களுக்கு இந்நாள் ஆசிரியரின் வணக்கம். நலம் நலமறிய எல்லாம் பிறகு. முதலில் எழுந்து நின்று கை தட்டு.

இரண்டு திங்கள்! இரண்டு முறையும் தட்டு துடைத்துவைத்த மாதிரி காலி. உஸ் சார் அட்டையை மாட்டிவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் கை அவ்வளவு தூரம் நீளும் என்று யாருக்கும் தெரியாது.

நான் எழுதுகிற அழகு அப்படி. கொலை நாவலுக்கு எழுதினேன்: ‘கடைசிப் பக்கத்தில் முடி நரைத்துவிடும், சாயத்தோடு வரவும்.’ பல்லின் வரலாறு சொல்லும் புத்தகத்துக்கு: ‘மென்று படிக்கவும்.’ பின்பக்கமும் சோடை போகவில்லை. ஞாயிறு கால்வாய் சுத்தம் செய்யும் வேலைக்கு, ‘குப்பை போட்டவர்களும் வரலாம், இடம் தெரிந்த ஆட்கள் தேவை’ என்று போட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். ஏழு பேர் சண்டைக்கு.

அம்மாவின் வட்டம் கொடி கட்டிப் பறக்கிறது. போன சனி ஒரு காதல் நாவல். கதாநாயகன் முந்நூறு பக்கம் பெருமூச்சு விடுகிறானாம். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவனை ஒரு நாள் எங்க கடையில இஸ்திரி போட விடுங்க, காதலெல்லாம் ஆவியாப் போயிடும்” என்றாள். வட்டத்துத் தையல்காரர் சிரித்த சிரிப்பில் உஸ் சார் உஸ் சொல்லவே மறந்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் சாதனையின் உடம்பு மட்டும் இனி தேறாது.

ஆசிரியர்


ஜூலை 15

வாலுக்கு,

சுகமா? கை தட்டிவிட்டேன். ஒரு கைதான். இன்னொரு கையில் சந்தேகம் இருக்கிறது.

அந்தப் பல் வரலாறு என் காலம் முழுக்கத் தட்டிலேயே படுத்துக் கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. அதை இரண்டே நாளில் தூக்கிக்கொண்டு போன மகராசன் யார்? தேனீ வளர்ப்பை எடுத்தது யார்? பெயர்களை எழுது. பதிவேட்டில் இருக்குமே, பார்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகாது.

எனக்குக் கண் எரிச்சல் குறைந்திருக்கிறது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி நானே தேய்த்து அனுப்பியிருக்கிறேன். சேர்ந்ததா?

அக்கா


ஆகஸ்ட் 4

பேரன்புள்ள, தோற்றுப்போன அக்காவுக்கு,

ஆறு! ஆறு திங்கள்! இன்று காலை ஆறாவது முறையாக அட்டை ஏறியது. ஆறுவது சினம், ஆறாதது உன் வயிற்றெரிச்சல்.

தேனீப் புத்தகத்தை எடுத்தது தையல்காரர். கடை மொட்டைமாடியில் இரண்டு தேனீப் பெட்டி வைத்துவிட்டார். அளவு கொடுக்கப் போனவர்கள் கொட்டு வாங்கி வீங்கிப்போய், அளவு மாறிவிட்டது என்று திரும்பி வருகிறார்களாம். மற்றப் பெயர்களெல்லாம் நிறைய இருக்கின்றன, எழுதினால் தபால் உறை தாங்காது.

ஒரே தொல்லை அம்மா. கொலை நாவலைப் பற்றி நான் எழுதியதைப் படித்ததிலிருந்து அது வேண்டுமாம். “ஒரு மாசமா எவன்டா அதை வச்சுக்கிட்டு இருக்கான்? எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா?” என்று தினமும் என்னைத்தான் திட்டுகிறாள். ஆசிரியரை வாசகர் திட்டுவது சகஜம்தானே.

கண்ணாடி சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு என் சட்டைக் காலரில் புது அழுக்குகளைக் கண்டுபிடிக்கிறாள். நலமாயிரு.

சாதனையாளன்


ஆகஸ்ட் 12

வாலுக்கு,

நலம். முப்பது புத்தகத்துக்கு ஒரு பெயர் சொன்னாய். மீதி இருபத்தொன்பது?

செப்டம்பரில் அரையாண்டுப் புத்தகச் சரிபார்ப்பு வரும். ஒவ்வொரு அலமாரியாகப் பார்ப்பார்கள். தெரிந்துகொள்.

அம்மாவின் கை எப்படி இருக்கிறது? உடனே பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 9

அக்கா,

நலமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. பேனா பேப்பரைக் கிழிக்கிறது, பார்.

போன வாரம் சரிபார்ப்பு நடந்தது. இருபத்தொன்பது புத்தகம் காணவில்லை. எல்லாமே தட்டில் இருந்தவை. அவற்றுக்கு நேரே பதிவேட்டில் யார் பெயரும் இல்லை. முதல்வர் ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். “வெளியாளுங்க வேலைதான். தானே பேர் எழுதிக்கன்னு சொன்னா திருடன் எழுதுவானா?” சனிக்கிழமை திறப்பு நிறுத்தம். வாசிப்பு வட்டம், விண்ணப்பம் எழுதித் தருகிற மேசை, சைக்கிள் பழுதுபார்க்கும் வகுப்பு, எல்லாம் நிறுத்தம்.

அந்த அறிவிப்பு ஒட்டியது சனிக்கிழமை மத்தியானம். விஷயம் தெரியாமல் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அலுவலகத்து ஆள், “பையைக் காட்டிட்டுப் போங்க, வீட்டுல இருக்கிறதையும் கொண்டாந்து குடுத்துடுங்க” என்றான். முதல் ஆள் அம்மா. காவலாளி அண்ணன், “அவங்களை விடுங்க சார், எனக்குத் தெரிஞ்சவங்க” என்று கெஞ்சினார். கேட்கவில்லை. பையைப் பிடுங்கி பெஞ்சில் கவிழ்த்தான். சாப்பாட்டு டப்பா, நீ தேய்த்த கண்ணாடி, துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டி, ஒரு நோட்டு.

அந்த நோட்டு, அக்கா. படிக்கிற ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் அம்மா எழுதிவைக்கிறாளே, உனக்கும் எனக்கும்கூடக் காட்ட மாட்டாளே, அது. நூலகப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஒன்றைச் சத்தமாக வாசித்தான்: “இந்தக் கதையில் வரும் அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். அழ இவளுக்கு நேரம் எங்கே கிடைத்தது?” வாசித்துவிட்டுச் சிரித்தான்.

அம்மா அசையவில்லை. “அடுத்த பக்கமும் படிங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்றாள். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தையல்காரரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தார்கள். ஏன் தெரியுமா? பதிவேட்டில் அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது!

நான் சும்மா விட மாட்டேன். முதல்வர் நாற்காலியில் பசை தடவுகிறேன். அவர் வண்டிச் சக்கரத்தில் ஒரு சொட்டுக் காற்று மிச்சம் வைக்க மாட்டேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கடைசியிலாவது கேட்டுவிட்டேன்.

வாலு


செப்டம்பர் 15

தம்பி,

நலமில்லை. உன் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்தேன். இரண்டு லென்ஸ் என் கையிலேயே உடைந்தன.

அம்மாவின் பையைக் கவிழ்த்தானா? எந்தக் கையால்? அந்த நோட்டை நான்கூடத் தொட்டதில்லை. பதினெட்டு வருடமாக ஊரார் சட்டையெல்லாம் தேய்த்து மடித்துக் கொடுக்கிறாள். சட்டைப் பையில் மறந்துவிட்ட பேனாவைக்கூடக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவளையா? நேர்மையாகப் பெயர் எழுதியவரையே விசாரித்தார்களாமே, இனி எவன் எழுதுவான் அந்தப் பதிவேட்டில்?

பசை, காற்று என்று விளையாட்டுக் காட்டாதே. இது உன் குறும்புக்கு அடங்குகிற விஷயம் இல்லை. முதல்வருக்கு நானே எழுதப் போகிறேன். பழைய ஆசிரியர் என்கிற முறையில், சூடாக. அதற்குக் காணாமல் போன இருபத்தொன்பதின் பட்டியல் வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அப்படியே எழுதி அனுப்பு. வேறு எதுவும் வேண்டாம், பட்டியல் மட்டும்.

அம்மா பக்கத்தில் இரு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், முதல்வரைத் தவிர. அவர் நேற்று என்னிடம் மாட்டிக்கொண்டார்.

வட்டத்து ஆட்கள் இருபது பேரைத் திரட்டினேன். நேராக அவர் அறைக்குள் நுழைந்தோம். நான் முன்னால். மேசையில் ஓங்கி ஒரு அடி. “ஆதாரம் இருக்கா சார்? திருடன்னு சொல்ற வாய்க்கு ஆதாரம் வேணும்!” என்று இடி மாதிரி முழங்கினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பேனா கீழே விழுந்தது. இன்னும் ஒரு வாரத்தில் கதவு திறக்கும், எழுதிவைத்துக்கொள்.

பட்டியல்தானே? பலகையில் மழைச் சாரல் பட்டு மை கலைந்துவிட்டது. சரியாகத் தெரியவில்லை. தெளிந்ததும் அனுப்புகிறேன். நீ முதல்வருக்கு அவசரப்பட்டு எழுதாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

போராளி

(கடிதத்தின் பின்புறம், வேறு கையெழுத்தில்:)

மகளுக்கு அம்மா. சௌக்கியம். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தான், உறையை ஒட்டவில்லை. படித்தேன். நேற்று நானும்தான் போயிருந்தேன். இவன் முதல்வர் அறைக்குள்ளேயே வரவில்லை, வெளியே தண்ணீர் டிரம் பின்னால் நின்றான். பேசினது தையல்காரர். அவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

பலகையில் மழை படவில்லை. பட்டியலைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கேட்டுக் கேட்டு அலுத்த கொலை நாவல் பதினோராவதாக இருக்கிறது. பல் வரலாறும் இருக்கிறது. அதை யாரடி திருடுவார்கள்?

நீயே அவனைக் கேள். நான் கேட்டால் கை நீட்டிவிடுவேன். எனக்கு மணிக்கட்டு வலி.


அக்டோபர் 3

தம்பி,

நீ நலமா இல்லையா என்று இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை.

பட்டியல் வந்து சேர்ந்தது. எப்படி என்று கேட்காதே. நீ கடிதங்களோடு அனுப்பிய முதல் ஆறு ‘படிக்கட்டு’களையும் மேசையில் பரப்பி, பக்கத்தில் பட்டியலை வைத்தேன். முப்பதில் தேனீயைத் தவிர எல்லாம் அப்படியே, நீ எழுதின அதே வரிசையில். முதல்வருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

என் ஐந்து திங்களைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவில்லை. முதல் வருடம் முழுக்க அந்தத் தட்டு நிரம்பியே கிடந்தது. நான் வீட்டில் அழுதேன். அடுத்த சனிக்கிழமை அம்மா தன் கடையில் இஸ்திரி போடுகிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கினார்கள். ஆளுக்கொன்று எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், படித்தார்கள், மறு சனி வந்து சண்டை போட்டார்கள். வட்டம் அப்படித்தான் பிறந்தது. என் சாதனை என்று நீ நினைத்தது ஐந்து பெண்களின் கையெழுத்து. இப்போது அவர்களுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. நூலகத்துக்குப் பின்னால் பழைய வினாத்தாள் அறை இருக்கிறதே, பரீட்சைக்கு முந்தின வாரம் தவிர யாரும் எட்டிப் பார்க்காத இடம், அதன் சாவி இப்போது யாரிடம்?

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நிஜமாகத்தான் எழுதுகிறேன். அம்மா நலம். நான் நலம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சாவி முதல்வர் பீரோவில் இருந்தது. அதுவரை திறந்தே கிடந்த அறையைச் சரிபார்ப்பு முடிந்ததும் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் திருப்பி வைக்க முடியவில்லை. சனிக்கிழமை கூட்டம் கலையும்போதே தட்டில் இருந்ததையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு போய் வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கினேன். முதல் வாரம் ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை அக்கா. தட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரே ஒரு திங்கள் அட்டை ஏறட்டும், புதன்கிழமை எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சார் தோளைத் தட்டிவிட்டார். உன் ஐந்தைத் தாண்டிய பிறகுதான் நிறுத்தினேன், அதற்கப்புறம் தட்டு நிரம்பியே கிடந்தது.

உன் கடிதம் வந்தபின் நாலு தடவை உஸ் சார் மேசைக்குப் போனேன். நாலு தடவையும் பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஐந்தாவது தடவை அவரே பென்சிலை நீட்டினார். சொல்லிவிட்டேன். அவர் உஸ் என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து முதல்வர் அறைக்கு நடந்தார், நான் பின்னால்.

முதல்வர் கதவைத் திறக்கவைத்து எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்பது. பிறகு சொன்னார், “சரி, கிடைச்சிடுச்சுல்ல, பெருசு பண்ண வேண்டாம். சனிக்கிழமை மூடினது மூடினதாவே இருக்கட்டும், நமக்கும் தொல்லையில்லை.” அப்போதுதான் உஸ் சார் பேசினார். அந்தக் குரல் இருபது வருடமாக எங்கே இருந்ததோ. “மூடச் சொன்ன அறிவிப்புல கையெழுத்துப் போட்டது நீங்க. திறக்கச் சொல்றதுலயும் நீங்கதான் போடணும். இல்லேன்னா என் சாவிக்கொத்தையும் இதோடயே வச்சுக்கங்க.” கொத்தை மேசையில் வைத்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் முதல்வர் பேனா நிஜமாகவே கீழே விழுந்தது.

கதவு திறந்தது. ‘புத்தகங்கள் கிடைத்துவிட்டன’ என்று மட்டும் ஒட்டினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. நடந்ததை ‘படிக்கட்டு’ முன்பக்கத்தில் நான் எழுதினேன், ஒரு ஜோக்கும் இல்லாமல். எனக்கு ஒரு வாரம் இடைநீக்கம். அப்புறம் வருடம் முடியும் வரை சனிக்கிழமைதோறும் வாசலில் நின்று கதவு திறந்துவிட வேண்டும்.

தையல்காரர் வரவில்லை. கடைக்குப் போய் நின்றேன். தைத்துக்கொண்டே சொன்னார், “ஒரே ஒரு தடவை பேர் எழுதினேன் தம்பி. போதும்.” தேனீப் புத்தகத்தை அட்டை போட்டு என்னிடமே கொடுத்தனுப்பினார். அடுத்த சனியும் போவேன். அவர் ஊசியால் குத்தினாலும் போவேன்.

நேற்று முன்தினம் முதல் சனி. அம்மா வந்தாள். அதே பை. என் முன்னால் நின்று நீட்டினாள்.

“இந்தா. பாரு.”

“அம்மா, வேணாம்மா.”

“நீ பண்ணின வேலைக்குத்தானேடா அன்னைக்கு அவன் பார்த்தான்? பாரு.”

பின்னால் இருபது பேர். பையைத் திறந்தேன். டப்பா, கண்ணாடி, புட்டி, நோட்டு. நோட்டைத் தொடவில்லை. கண்ணீர் மறைத்துக்கொண்டு வந்தது, தொட்டிருந்தாலும் படித்திருக்க முடியாது. “மூடு” என்றாள். மூடினேன். உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது கையில் கொலை நாவல். பதிவேட்டில் பெரிய எழுத்தில் அரைப் பக்கத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறாள். இன்று திங்கள். தட்டில் நாலு புத்தகம் அப்படியே இருக்கிறது, அட்டை ஏறவில்லை.

இந்த உறையை ஒட்டாமல்தான் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். இப்போதும் எதிரில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். பாதி தாண்டிவிட்டாள். தலையைத் தூக்காமலே, “கொலைகாரன் யாருன்னு வாயைத் திறந்தே, ராத்திரி சோறு கிடையாது” என்கிறாள்.

திறக்க மாட்டேன். எனக்கும் தெரியாது அக்கா. அந்த முப்பதில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

உன் தம்பி